கண்டிச் சீமைக்கு வழி

ராமேசுவரத்தைத் தாண்டி, கடல் இருபுறமும் நெருக்க, அரிச்சல்முனை வரை இன்று தார்ச்சாலை போகிறது. அங்கிருந்து முப்பது கிலோமீட்டர் அளவு கடல். அக்கரையில் தலைமன்னாரில் தொடங்கும் ஏ-14 சாலை உப்பங்கழிகளையும் பனைகளையும் கடந்து மதவாச்சியில் ஏ-9 சாலையைச் சேர்கிறது. அதிலே தெற்கே திரும்பினால் மிகிந்தலை, தம்புள்ளை, நாலந்தா, மாத்தளை, கண்டி என்று நிலம் படிப்படியாக உயர்ந்து, வறண்ட காடு பசுமலையாக மாறிவிடும். கடற்கரையில் தொடங்கித் தேயிலை மலையில் முடியும் பயணத்துக்கு இதைவிடக் கண்ணுக்கு இனிய வழி நம் பக்கத்தில் அதிகமில்லை. இப்படியொரு பயணத்துக்குத் திட்டமிடுபவர் முதலில் மூன்று கேள்விகள் கேட்டுக்கொள்வார்: எந்த வழி, எவ்வளவு செலவு, என்னென்ன சீட்டு வேண்டும்? பத்தொன்பதாம் நூற்றாண்டில் இதே தடத்தில் லட்சக்கணக்கான தமிழர்கள் கால்நடையாக ஏறினார்கள். ‘கண்டிச் சீமை’ என்று அவர்கள் அழைத்த மலைநாட்டின் காப்பித் தோட்டங்களுக்குப் போனவர்கள் அவர்கள். அவர்களுக்கும் அந்த மூன்று கேள்விகள் இருந்தன. பதில்களை மட்டும் வேறு யாரோ முடிவு செய்தார்கள். அந்தப் பாதையில் நேர்ந்த துன்பத்துக்குக் காடும் காய்ச்சலுமே காரணம் என்று சொல்வது வழக்கமாகிவிட்டது. சான்றுகளை அடுக்கிப் பார்த்தால் வேறொன்று தெரிகிறது. தனக்கு வேண்டாதபோது எல்லையைக் காணாததுபோல் இருந்து, வேண்டியபோது அதே எல்லையைக் கண்டுபிடித்த ஆட்சிமுறைதான் அந்தப் பாதையின் உண்மையான ஆபத்து.

முதலில் வழி. கண்டி மலையிலிருந்து அக்காலத்தில் இரண்டு பாதைகள் கடலுக்கு இறங்கின. ஒன்று மேற்கே கொழும்புக்கு, காப்பி மூட்டைகளுக்காக. மற்றொன்று வடக்கே மன்னார்க் கரைக்கு, அந்த மூட்டைகளை நிரப்பும் ஆட்களுக்காக. 1824 முதல் 1831 வரை ஆளுநராக இருந்த எட்வர்ட் பார்ன்ஸ் கொழும்பு–கண்டிச் சாலையைத் தன் ஆட்சியின் பெருவேலையாகவே எடுத்துக்கொண்டார். அவரே காப்பித் தோட்டமும் வைத்திருந்தவர். 1832இல் அச்சாலையில் தபால் வண்டி ஓடியது. 1833இல் பேராதனையில் மகாவலி ஆற்றின் குறுக்கே முதிரை மரத்தால் ஒற்றை வளைவுப் பாலம் எழுந்தது. சாலையமைத்த பொறியாளர் டாசனின் நினைவாகக் கடுகண்ணாவையில் ஒரு கோபுரமே நிற்கிறது. 1867இல் ரயில் கண்டியை எட்டியது. வடபக்கம் ஒன்றுமே நடக்கவில்லை என்று சொல்லிவிட முடியாது. 1830களில் தாமஸ் ஸ்கின்னர் போன்றோர் வடக்கேயும் வழி வெட்டினார்கள். ஆனால் அது நிர்வாகத்துக்கான தடம். முத்துக்குளிப்புக்குப் பேர்போன அரிப்புக் கரையும், பாழடைந்து கிடந்த அனுராதபுரமும் அரசுக் கச்சேரியின் கைக்கு எட்ட வேண்டும் என்பதே நோக்கம். பாம்பனிலிருந்தும் தனுஷ்கோடியிலிருந்தும் தோணி ஏறி வந்து அந்தக் கரையில் இறங்கியவர்களுக்கு முன்னால் கிடந்தது ஏறக்குறைய 150 மைல். அதில் பெரும்பகுதி ஏரிகள் உடைந்து, ஊர்கள் அருகி, கோடையில் குடிநீருக்கே வழியில்லாத வறண்ட வலயம். மூட்டை இறங்கிய வழியில் பாலம் வந்தது. ஆள் ஏறிய வழியில் கிணறுகூட நெடுங்காலம் வரவில்லை.

நடப்பது அந்தக் காலத்தில் எல்லாருக்கும் இயல்புதானே, காசிக்கே நடந்து போனவர்கள் நம் மக்கள் என்று ஒரு மறுப்பு எழலாம். நியாயமான மறுப்புதான். ஆனால் அதற்குப் பதில் அந்தப் பாதையின் முதற்பாதியிலேயே இருக்கிறது. தஞ்சையிலிருந்தும் மதுரையிலிருந்தும் சேதுவுக்குப் போகும் யாத்திரை வழியில் தஞ்சை மராத்திய மன்னர்களும் ராமநாதபுரம் சேதுபதிகளும் சத்திரங்கள் கட்டி வைத்திருந்தார்கள். தங்க நிழலும் குளமும் வேளாவேளைக்குச் சோறும் அங்கே கிடைத்தன. அவற்றின் செலவுக்கென மானியமாக ஊர்கள் விடப்பட்டிருந்தன. ஒரு நாள் நடையின் அளவு என்ன, நடப்பவனுக்கு எங்கே தாகமெடுக்கும் என்று யோசித்து, அந்தச் செலவைத் தன் கணக்கில் எழுதிக்கொண்ட அரசு அது. நடை ஒன்றுதான், கால்களும் அதே கால்கள்தான். ராமேசுவரம் வரை அவை யாத்திரிகரின் கால்களாக மதிக்கப்பட்டன. கடல் தாண்டியதும் கூலியின் கால்களாகிவிட்டன. நெடுவழிக்கு என்ன வேண்டும் என்பது அந்தக் காலத்துக்குத் தெரியாமலில்லை. தெரிந்திருந்தும் மன்னாருக்கும் மாத்தளைக்கும் இடையே அது செய்யப்படவில்லை.

அடுத்தது செலவு. தோட்டத் துரைமார் தமிழ்நாட்டைக் ‘கோஸ்ட்’ என்றே குறிப்பிட்டார்கள். அங்கிருந்து ஆள் கொண்டுவரக் கொடுக்கும் முன்பணத்துக்குக் ‘கோஸ்ட் அட்வான்ஸ்’ என்று கணக்கில் பெயர். பணம் தோட்டத்திலிருந்து ஆள் திரட்டும் கங்காணியின் கைக்கு வரும். அவர் தன் ஊருக்கும் அக்கம்பக்கத்து ஊர்களுக்கும் போய், பழைய கடனை அடைக்கவும், வீட்டில் விட்டுப்போகும் கிழவர்களுக்குக் கொடுக்கவும், தோணிக் கூலிக்கும் வழிச்சோற்றுக்கும் என்று அதைப் பிரித்துக் கொடுப்பார். மலையேறி வேலையில் சேர்ந்த அன்றே அது அத்தனையும் தொழிலாளியின் பெயரில் பற்றாக நிற்கும். கங்காணிக்கோ ஆள் எண்ணிக்கைக்குத் தகுந்த தலைக்காசு உண்டு. வேறு தோட்டத்துக்குப் போக வேண்டுமானால் கடனைக் கட்டினால் விட்டுவிடுகிறோம் என்று எழுதிய ‘துண்டு’ வேண்டும். அதை வாங்கும் புதுத் தோட்டம் கடனையும் சேர்த்தே ஆளை வாங்கியது. இந்தத் துண்டு முறை 1921இல்தான் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. ஆக, 150 மைல் நடந்தவர் அந்த நடைக்கான செலவையும் தானே சுமந்தார். வழியில் ஒருவர் இறந்துபோனால் அவருக்குக் கொடுத்த முன்பணம் உறவினரின் கணக்கில் ஏறுவதும் உண்டு.

இலங்கைக் கிராமத்தானும் இந்தக் கணக்கிலிருந்து தப்பவில்லை. 1848இல் ஆளுநர் டொரிங்டன் கொண்டுவந்த சாலைச் சட்டம், வயது வந்த ஆண்கள் ஒவ்வொருவரும் ஆண்டுக்கு ஆறு நாள் சாலை வேலை செய்ய வேண்டும், இல்லையேல் மூன்று ஷில்லிங் கட்ட வேண்டும் என்றது. புதிய வரிகள் பலவற்றோடு இதுவும் சேர்ந்துகொள்ள, அந்த ஆண்டு கண்டி நாட்டில் கலகம் மூண்டது. அது வெடித்த முக்கிய இடங்களில் ஒன்று மாத்தளை. தமிழ்த் தொழிலாளிகள் நடந்துவந்து சேர்ந்த அதே ஊர். தோட்டம் தன் நிலத்தைத் தின்கிறது என்று சிங்கள விவசாயி கருதினான், தோட்டம் தன் உடலைத் தின்கிறது என்று தமிழ்க் கூலி கண்டான்; சாலையின் செலவோ இருவர் தலையிலும் விழுந்தது. பின்னாளில் இந்த இருவரையும் எதிரெதிரே நிறுத்திய அரசியலுக்கு இந்தப் பொதுக் கணக்கு நினைவில்லாமல் போனது.

விருப்பப்பட்டுத்தானே போனார்கள், ஊரில் பஞ்சத்தில் சாவதைவிட அது மேல் இல்லையா என்பது அடுத்த மறுப்பு. தாது வருஷப் பஞ்சம் என்று இன்றும் பேசப்படும் 1876–78 பஞ்சத்தின்போது கண்டிச் சீமைக்குக் கூட்டம் கூட்டமாக ஆட்கள் போனது உண்மை. ஊரில் சாதிக்கொடுமையும் பண்ணையடிமையும் இருந்ததும் உண்மை. போனவர்களில் பெரும்பாலோர் நிலமற்ற ஒடுக்கப்பட்ட சாதியினர். அவர்களைக் கைகால் கட்டி இழுத்துச் சென்றதாகச் சித்திரிப்பது, எதை விட்டு எதற்குப் போகிறோம் என்று எண்ணிப் பார்த்த அவர்களின் அறிவைக் குறைத்து மதிப்பதாகும். ஆனால் ஒருவர் புறப்பட விரும்பினார் என்பது வழியில் தண்ணீர் இல்லாமைக்குப் பதிலாகாது. பஞ்சத்தை விட்டு ஓடுபவனிடம் பேரம் பேசும் வலிமை இல்லை என்பது தெரிந்துதான் செலவு அவன் தலையில் ஏற்றப்பட்டது. விருப்பம் அவனுடையதாக இருந்திருக்கலாம்; விதிமுறைகள் அவனுடையவை அல்ல.

மூன்றாவது கேள்வி, சீட்டு. இங்கேதான் விஷயத்தின் முடிச்சு இருக்கிறது. 1802 முதல் இலங்கை பிரித்தானிய மன்னரின் நேரடிக் குடியேற்ற நாடு. தமிழ்நாடோ கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னை மாகாணம். இரண்டுக்கும் ஆளுநர் வேறு, சட்டம் வேறு, கஜானா வேறு. நடுவில் இருந்தது எல்லை என்பதில் ஐயமில்லை. மொரீசியசுக்கும் மேற்கிந்தியத் தீவுகளுக்கும் இந்தியர்களைக் கப்பலேற்றியபோது அடிமை வணிக எதிர்ப்பாளர்களின் கூச்சலுக்கு அஞ்சிச் சில விதிகள் செய்யப்பட்டன. ஒப்பந்தம், கப்பலில் மருத்துவர், குடிபெயர்வோர் பாதுகாவலர் என்ற அதிகாரி, ஒவ்வொருவர் பெயரும் ஏறும் பதிவேடு என்று அவை விரிந்தன. அந்த விதிகள் எத்தனை முறை மீறப்பட்டன என்பது வேறு கதை. ஆனால் மீறப்பட்டதைச் சொல்லவாவது ஒரு பதிவேடு இருந்தது. மொரீசியசிலும் பீஜியிலும் இருப்பவர்கள் இன்று தங்கள் பாட்டன் பெயரைத் தேடியெடுப்பது அந்த ஏடுகளிலிருந்துதான். இலங்கைக்கோ 1847ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றால் விலக்கு கிடைத்தது. பக்கத்துத் தீவுக்குப் போவது குடிபெயர்வே ஆகாது என்ற பாவனையில், கெடுபிடியில்லாமல் ஆள் போகலாம் என்றானது. கேட்பதற்குச் சுதந்திரம் போலத் தோன்றும். உண்மையில் அது, போகிறவர் யார், எத்தனை பேர், எத்தனை பேர் போய்ச் சேர்ந்தார்கள் என்று எவரும் கேட்க வேண்டியதில்லை என்ற விலக்கு.

அந்த விலக்கின் விளைவை 1849இல் எழுந்த ஒரு வாதம் காட்டுகிறது. 1841 முதல் 1848 வரை வந்தவர்களில் ஏறக்குறைய 70,000 பேர், அதாவது கால் பங்கினர், மாண்டு போனார்கள் என்று ‘கொழும்பு ஒப்சேவர்’ ஏடு கணக்கிட்டது. இந்த எண் சரியல்ல என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் சொல்வதில் பொருளும் இருக்கிறது. இப்படிப்பட்ட கணக்குகளுக்கு அடிப்படை, வந்தவர்களின் எண்ணிக்கையிலிருந்து திரும்பியவர்களைக் கழிப்பதுதான். காப்பிப் பழம் பறிக்கும் பருவம் முடிந்ததும் ஊரில் நெல்லறுப்புக்குத் திரும்பிப் போனவர்கள், எவர் கண்ணிலும் படாத துறைகளில் தோணி ஏறியவர்கள், தோட்டத்திலேயே தங்கிவிட்டவர்கள் எல்லாரும் அந்தக் கழித்தலில் செத்தவர்களாகிவிடலாம். எண்ணை ஒருவர் பாதியாக்கலாம், இன்னொருவர் கால் பங்காக்கலாம். ஆனால் ஓர் அரசு தன் நாட்டுக்குள் வந்த மக்களில் 70,000 பேர் இறந்தார்களா, ஊர் திரும்பினார்களா என்று பிரித்துச் சொல்ல முடியாத நிலையில் இருந்தது என்பதே போதுமான சான்று. ஏற்றுமதியான காப்பி ஹண்ட்ரட்வெயிட் கணக்கில் ஆண்டுதோறும் பதிவானது. பிணம் கணக்கில் வராத இடத்தில் எத்தனை பிணம் என்று வாதிடுவது, பதிவேட்டை எழுதாதவனுக்கே சாதகமாக முடியும். அரசு எழுதாததை வைத்திருந்தது மக்களின் வாய். சி.வி. வேலுப்பிள்ளை போன்றோர் தொகுத்த மலைநாட்டு நாட்டார் பாடல்கள் அந்த வழித் துயரையும் கங்காணியின் பசப்பையும் இன்றுவரை சுமந்து வருகின்றன.

காலப்போக்கில் அரசு திருந்தவில்லையா, வழியில் கொட்டகைகளும் மருத்துவமனைகளும் வந்தனவே, 1872இல் தோட்டங்களின் மருத்துவத் தேவைக்கென்று தனிச் சட்டமே செய்தார்களே என்று கேட்கலாம். வந்தன, செய்தார்கள். அதனால் உயிர்கள் பிழைத்ததையும் மறுக்க வேண்டியதில்லை. எந்த நெருக்கடியில் அவை வந்தன என்பதைத்தான் பார்க்க வேண்டும். வாந்திபேதியும் அம்மையும் நடந்து வருபவரோடு மலையேறின. வழியோரச் சிங்கள ஊர்களையும் தோட்டங்களையும் அவை தாக்கியபோதுதான் பாதை அரசின் கண்ணில் பட்டது. நூற்றாண்டின் முடிவில் பிளேக் அச்சம் பரவியபோது வடபாதை மூடப்பட்டு, ஆட்கள் தூத்துக்குடி–கொழும்பு வழியே திருப்பப்பட்டார்கள். தட்டப்பாறையிலும் ராகமையிலும் தடுப்பு முகாம்கள் எழுந்தன. 1901–02 அளவில் தகரத் துண்டு வந்தது. தோட்டத்துக்கு ஓர் அடையாளம், ஆளுக்கு ஓர் எண் பொறித்த வில்லை. கழுத்தில் கட்டிக்கொண்டால் வழிச்செலவு எந்தத் தோட்டத்துக் கணக்கு என்று தெரிந்துவிடும். 1904இல் தோட்ட முதலாளிகள் திருச்சியில் இலங்கைத் தொழிலாளர் கமிஷனைத் திறந்தார்கள். 1914இல் பாம்பன் பாலமும் தலைமன்னார் ரயிலும் வந்து போட் மெயில் ஓடத் தொடங்கிய பிறகு மண்டபம் முகாமே கண்டிச் சீமையின் வாசலானது. குளிப்பாட்டி, மருந்தடித்து, சில நாள் அடைத்துவைத்து, நோயில்லை என்று கண்ட பிறகே அங்கிருந்து அனுப்பினார்கள். இல்லாதிருந்த எல்லை இப்போது பிறந்துவிட்டது. அது நடந்து வருபவரிடமிருந்து தீவைக் காக்கப் பிறந்த எல்லை. அந்தத் தகரத்தில் தோட்டமும் எண்ணும் இருந்தன. அவர் எங்கே பிறந்தார், யாருடைய மகன் என்பதற்கு அதில் இடமில்லை.

இதே காலத்தில் மலையின் பயிரும் மாறிவிட்டது. 1869இல் காப்பி இலையில் தோன்றிய துருநோய் பத்துப் பதினைந்து ஆண்டுகளில் தோட்டங்களை அழித்தது. 1867இல் லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் நட்ட தேயிலை மலையெல்லாம் பரவியது. காப்பி பருவத்துக்குப் பழுக்கும். தேயிலையோ ஆண்டு முழுதும் கொழுந்து விடும். பருவத்துக்கு வந்து பருவத்துக்குத் திரும்பும் ஆண்களைக் கொண்டு அதை நடத்த முடியாது. குடும்பம் குடும்பமாக வந்து லயம் எனும் வரிசை வீடுகளில் தங்கி, பெண்கள் நாள்தோறும் கொழுந்தெடுக்க வேண்டும். இருபுறமும் நடந்த பாதை இவ்வாறு ஒருவழிப் பாதையானது. பிள்ளைகள் மலையிலேயே பிறந்தார்கள், அவர்களின் பிள்ளைகளும் அங்கேயே பிறந்தார்கள். 1939இல் இந்திய அரசு இலங்கைக்குக் கூலியாட்கள் போவதைத் தடைசெய்தபோது, பழைய ஓட்டம் அடிப்படையில் முடிந்துவிட்டிருந்தது. 1946 கணக்கெடுப்பில் இந்தியத் தமிழர் என்று பதிவானவர்கள் ஏறக்குறைய 7.8 லட்சம், அவர்களுள் எத்தனையோ பேர் இந்தியாவைக் கண்ணால் பார்த்ததில்லை.

அப்போதுதான் சீட்டுக் கேட்கப்பட்டது. 1948ஆம் ஆண்டு இலங்கைக் குடியுரிமைச் சட்டம், வம்சாவளியால் குடிமகனாக வேண்டுமானால் தந்தை இலங்கையில் பிறந்ததை, அல்லது தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் அங்கே பிறந்ததை நிறுவ வேண்டும் என்றது. 1949இல் வந்த மற்றொரு சட்டம் தொடர்ந்து இத்தனை ஆண்டு வசித்ததற்கு ஆதாரம் கேட்டது. இது சுதந்திர இலங்கையின் இன அரசியல், இதற்கும் காப்பிக் காலத்து ஒற்றையடிப் பாதைக்கும் என்ன தொடர்பு என்று கேட்பது எளிது. சட்டத்தின் நோக்கம் அரசியல்தான், வாக்குரிமையைப் பறிப்பதுதான். ஆனால் ஒரு நோக்கம் பலிக்கக் கருவி வேண்டும். பாட்டன் பெயரும் பிறப்பும் ஏட்டில் இருந்த ஒரு மக்களிடம் அந்தக் கருவி அவ்வளவு சுலபமாகப் பலித்திருக்காது. 1847இன் விலக்கு, இவர்கள் எல்லை தாண்டவே இல்லை என்று பாவித்துப் பதிவை மறுத்தது. நூறாண்டு கழித்து வந்த சட்டம், தாண்டியதே குற்றம் என்று சொல்லி அதே பதிவைக் கேட்டது. இருக்க வேண்டிய காலத்தில் கொடுக்கப்படாத காகிதம், கேட்கும் காலத்தில் இல்லாத காகிதமாயிற்று.

பிறகு பாதை தலைகீழாகத் திரும்பியது. 1964 அக்டோபர் 30இல் கையெழுத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 9.75 லட்சம் பேரை இரு அரசுகளுக்கிடையே பிரித்தது: இந்தியாவுக்கு 5.25 லட்சம், இலங்கைக்கு 3 லட்சம்; மீதி 1.5 லட்சத்தைப் பின்னால் பார்த்துக்கொள்ளலாம் என்று வைத்து, 1974இல் பாதிப் பாதியாகப் பங்கிட்டார்கள். ஒப்பந்தத்துக்கு இரண்டு மாதம்கூட ஆகாத டிசம்பரில் புயல் தனுஷ்கோடியைத் துடைத்துப் போட்டது. ஆனாலும் மலையிலிருந்து இறங்கியவர்கள் ரயிலில் தலைமன்னார் வந்து, கப்பலில் ராமேசுவரம் சேர்ந்து, முப்பாட்டன் மருந்துக் குளியல் குளித்த அதே மண்டபம் முகாமில் தங்கினார்கள். அங்கிருந்து பலரை அரசு நீலகிரிக்கு அனுப்பியது. தாயகம் திரும்பியோருக்கென்றே தேயிலைத் தோட்டங்கள் அங்கே திறக்கப்பட்டன. கடற்கரையிலிருந்து மீண்டும் ஒரு மலை, மீண்டும் கொழுந்துக் கூடை. இந்த முறை சீட்டு கைநிறைய இருந்தது. ஆனால் அதை எல்லாரும் விரும்பிக் கேட்டு வாங்கவில்லை.

இன்று இந்த வழியைக் காரில் கடப்பவர் யாருக்கும் இதற்காகக் குற்றவுணர்வு வேண்டியதில்லை. மலை அழகாகத்தான் இருக்கிறது. தலைமன்னாரின் கடலும் அழகாகத்தான் இருக்கிறது. நூறாண்டுக்கு மேலாக இந்தப் பாதையை வகுத்தவர்கள் ஒருபுறமும் நடந்தவர்கள் மறுபுறமுமாக இருந்தார்கள் என்பது மட்டும் தெரிந்திருந்தால் போதும். 2023இல், 1823ஐத் தொடக்கமாக வைத்து மலையகம் இருநூறு ஆண்டு கண்டபோது, ஜூலை இறுதியில் தலைமன்னாரிலிருந்து ஒரு கூட்டம் புறப்பட்டு, பழைய வடபாதையின் தடத்தில் நடந்து ஆகஸ்ட் நடுவில் மாத்தளையை அடைந்தது. காணி, வீடு, சம உரிமை என்று அவர்கள் கையில் கோரிக்கைகள் இருந்தன. எந்த ஊரில் இரவு தங்குவது, எங்கே தண்ணீர் குடிப்பது, ஒரு நாளில் எத்தனை மைல் நடப்பது என்பதையெல்லாம் அந்த முறை முடிவு செய்தவர்கள், நடந்தவர்களின் பேரப்பிள்ளைகள்.